பிக்கப் கதவில் எழுதியிருந்தது

2007 செப்டம்பர். மீனம்பாக்கம் விமான நிலையத்தின் வருகை வாசலில், கம்பித் தடுப்பைப் பிடித்துக்கொண்டு சாஹிரா நின்றிருந்தாள். வளைகுடாவிலிருந்து வந்த விமானம் இறங்கி ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. மற்றவர்கள் பெட்டிக்கு மேல் பெட்டி அடுக்கி, போர்வை மூட்டையும் டிவி அட்டைப்பெட்டியுமாகத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட்டமெல்லாம் கலைந்த பிறகு அக்தர் வந்தார். கையில் ஒரே ஒரு பை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் போனவர். முகம் கறுத்து, கன்னம் ஒட்டிப்போயிருந்தது. மற்றபடி அவரேதான். இடது புருவத்தில் வெல்டிங் பொறி தெறித்த தழும்புகூட அப்படியே இருந்தது.

"எவ்ளோ நேரமா நிக்கிற?" என்றார்.

"நீங்க வந்தீங்களே, அது போதும்," என்றாள். அவர் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள்.

ஆட்டோ பொழிச்சலூர் போய்ச் சேரும் வரை அவர் வெளியே வேடிக்கை பார்க்கவில்லை. அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். "சொல்லு," என்றார். "எல்லாம் சொல்லு. இந்த ரெண்டு வருஷமா என்னென்ன நடந்துச்சு?"

சாஹிராவுக்கு அப்போது சந்தோஷமாகத்தான் இருந்தது.

நடந்தது இதுதான். பாலைவனத்தில் எண்ணெய் தேடும் சர்வே கம்பெனி ஒன்றில் அக்தர் டிரைவர். கூட வேலை செய்தவர் பென்னி, பெருங்களத்தூர்க்காரர். இருவரும் முன்பு திருமுடிவாக்கத்தில் ஒரே பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தவர்கள். ஒரே ஏஜென்ட் மூலம் போனவர்கள். ஜூலை மாதம், முகாம் ஜெனரேட்டருக்கு டீசல் ஏற்றிக்கொண்டு போன பிக்கப் மணல்காற்றில் தடம் மாறி, எங்கேயோ புதைந்து நின்றுவிட்டது. ஆறாம் நாள் அக்தர் மட்டும் தார் ரோட்டில் நடந்து வந்தார். ஒரு தண்ணீர் லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பென்னி மூன்றாம் நாளே வழி தேடிப் போய்விட்டதாகவும், திரும்பவில்லை என்றும் அக்தர் சொன்னார். கம்பெனி ஆட்கள் தேடிப் பார்த்தார்கள். மணல்மேடுகள் இடம் மாறியிருந்தன. வண்டியும் கிடைக்கவில்லை, பென்னியும் கிடைக்கவில்லை.

கேட்டபோதே சாஹிராவுக்கு ஒன்று உறுத்தியது. முன்பு போனில் அக்தர் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார்: "பாலைவனத்துல மாட்டினா வண்டியை விட்டு நகரவே கூடாது. நகர்ந்தவன் கெட்டான்." அப்படிச் சொன்னவர் நடந்து வந்து பிழைத்திருக்கிறார்.

உயிரோடு வந்த மனிதரிடம் அதையெல்லாம் கேட்பார்களா? அவள் கேட்கவில்லை.

வீட்டில் முதல் ஒரு மாதம் நன்றாகவே போனது. முன்பெல்லாம் அக்தர் அதிகம் பேச்சுக் கொடுக்க மாட்டார். அவள் ஏதாவது ஆரம்பித்தால் பேப்பரை விரித்துக்கொள்வார். இப்போது அவள் சமைக்கும்போது அடுப்படியிலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அவள் பள்ளிக்கூடத்துக் கதை, உம்மா வீட்டுக் கதை, கீழ் வீட்டுச் சண்டை, எதைச் சொன்னாலும் கேட்டார். தலைக்கு மேலே விமானம் இறங்கும் சத்தத்தில் பேச்சு நின்றால், சத்தம் போகும் வரை காத்திருந்து, "உம், அப்புறம்?" என்பார்.

துணி துவைக்கும்போதுதான் அவளுக்கு முதலில் பட்டது.

அக்டோபர் புழுக்கம். கரண்ட் போன மதியத்தில் சுவர்கூட வேர்த்தது. அக்தரின் சட்டைக் காலரில் அழுக்கு இல்லை. அக்குளில் வியர்வைக் கறை இல்லை. முகர்ந்து பார்த்தாள். வெயிலில் காய்ந்த கருங்கல்லின் வாசம் மட்டும் வந்தது.

ஆஸ்பத்திரியில் கிடந்த உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

அடுத்து பட்டறை. திருமுடிவாக்கத்துப் பழைய முதலாளி பொன்னுசாமி அவரை மறுபடி வேலைக்குக் கூப்பிட்டிருந்தார். நாலாம் நாள் அவரே சாஹிராவுக்குப் போன் செய்தார்.

"தப்பா எடுத்துக்காதம்மா. பாய் எல்லாத்தையும் வாயால கரெக்டா சொல்றாரு. எந்த ராடு, எவ்ளோ கரண்ட், எல்லாம். ஆனா ஹோல்டரைக் கையில குடுத்தா பிடிக்கவே தெரியல. பதினஞ்சு வருஷம் வெல்டிங் பண்ண கை. கொஞ்ச நாள் ரெஸ்ட்ல இருக்கட்டும்."

கீழ் வீட்டு அமீருதீனும் ஒரு நாள் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஜும்மாவுக்குப் பள்ளிவாசலில் அக்தர் கடைசி வரிசையில் நிற்கிறாராம். பக்கத்தில் இருப்பவர் குனிந்த பிறகுதான் குனிகிறாராம். "புதுசா கத்துக்கிற ஆள் மாதிரி," என்று சொல்லிவிட்டு, சொன்னதற்காக வருத்தப்பட்டவர் போல உள்ளே போய்விட்டார்.

நவம்பரில் பென்னியின் மனைவி அருள்மேரி வந்தாள். தாம்பரத்தில் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் வேலை செய்பவள். லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். நாற்காலியில் உட்காராமல் அக்தருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"அவரு கடைசியா இன்னா சொன்னாரு பாய்?"

அக்தர் சொல்ல ஆரம்பித்தார். பெருங்களத்தூர் ரயில்வே கேட்டில் மழையில் பென்னி அவளை முதலில் பார்த்தது. அவள் குடைக்கம்பி உடைந்திருந்தது. கேட் திறந்த பிறகும் இருவரும் நகராமல் நின்றது. கல்யாணத்துக்கு முன்பு அவள் அவரிடம் சொன்ன ஒரு பொய். அதை அவர் கண்டுபிடித்தும் கண்டுகொள்ளாமல் விட்டது.

அருள்மேரி தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். திடீரென்று நிமிர்ந்து பார்த்தாள்.

அடுப்படியிலிருந்து சாஹிராவும் எட்டிப் பார்த்தாள்.

பேசியது அக்தர்தான். ஆனால் குரல் மெலிந்து, சொல்லின் கடைசியை இழுத்து இழுத்து வந்தது.

படி இறங்கும்போது அருள்மேரி மெதுவாகச் சொன்னாள். "அவரு பேசுற மாதிரியே கீதுக்கா. கண்ணை மூடிகினா அவரே வந்து குந்திகினு பேசுற மாதிரி." அப்புறம் கூச்சத்தோடு கேட்டாள். "அடுத்த வாரமும் வரட்டுமா?"

வந்தாள். அதற்கடுத்த வாரமும் வந்தாள்.

ஜனவரி கடைசியில் ஒரு நாள், பம்மல் மெயின் ரோட்டில் பிரவுசிங் சென்டர் நடத்தும் சத்யபிரியா போன் செய்தாள். அக்தர் வெளிநாட்டில் இருந்தபோது ஞாயிறுதோறும் சாஹிரா அங்கேதான் போய், தலையில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு அவரோடு பேசுவாள்.

"அக்கா, உடனே கொஞ்சம் வர முடியுமா? சாரைக் கூட்டிட்டு வராதீங்க. தனியா வாங்க."

சென்டரில் அந்த மதிய நேரத்தில் யாரும் இல்லை. சத்யபிரியா ஓரத்துக் கம்ப்யூட்டரில் ஒரு பக்கத்தைத் திறந்து வைத்திருந்தாள். பாலைவனத்தில் ஊர் சுற்றும் வெள்ளைக்காரர்கள் நடத்தும் வெப்சைட். போகிற வழியில் கிடைத்த வினோதப் பொருள்களையெல்லாம் போட்டோ எடுத்துப் போடுவார்கள்: ஒட்டக எலும்பு, பழைய துப்பாக்கித் தோட்டா, பாதி புதைந்த விமான இறக்கை. அதற்கு நடுவே டிசம்பரில் போட்ட ஒரு போட்டோ. 'கைவிடப்பட்ட பிக்கப் வண்டியின் கதவில் உள்பக்கமாகக் கீறி எழுதியிருக்கிறது, இது என்ன மொழி, யாருக்காவது தெரியுமா' என்று கேட்டிருந்தார்கள்.

"யாரோ எனக்கு மெயில்ல ஃபார்வர்டு பண்ணாங்க. தமிழ்னு பாத்தவுடனே ஆசையாப் படிச்சேன் அக்கா." சத்யபிரியா நாற்காலியை அவளுக்கு விட்டுவிட்டு எழுந்தாள். "ஏன்டா படிச்சோம்னு ஆயிடுச்சு."

வெள்ளை பெயிண்டில் ஸ்க்ரூடிரைவரால் கீறிய எழுத்து. சில எழுத்துகள் கோணல். ஆனால் படிக்க முடிந்தது.

'நான் பென்னி. பெருங்களத்தூர். ரெண்டாம் நாள் மத்தியானம் அக்தர் பாய் போய்விட்டார். தண்ணி இல்லை. வண்டிக்கு அடியில் நிழலில் படுக்க வைத்திருக்கிறேன்.'

அடுத்த வரி கொஞ்சம் தள்ளி.

'மூணாம் நாள். ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். பாய் முகம். பாய் சட்டை. குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன். பாய் அங்கேதான் இருக்கிறார். சட்டை இல்லை.'

'ரெண்டு நாளாக நானும் பாயும் பேசினதெல்லாம் இவருக்குத் தெரிந்திருக்கிறது. இன்னும் சொல்லு என்கிறார். சொல்கிறேன். நிறுத்தினால் பயமாக இருக்கிறது.'

'நாலாம் நாள். எழுந்து போகிறார். எந்த ஊருக்கு என்று கேட்டேன். சிரிக்கிறார். மேரி'

அதோடு நின்றுவிட்டது.

சாஹிரா திரையைத் தொட்டுப் பார்த்தாள். எதற்கென்று அவளுக்கே தெரியவில்லை.

"தண்ணி இல்லாம போனா மனுஷனுக்குப் புத்தி கலங்கும்னு கீழ எழுதியிருக்காங்க," என்றாள் சத்யபிரியா. "இல்லாததெல்லாம் தெரியுமாம். பக்கத்துல யாரோ இருக்கிற மாதிரி தோணுமாம். பாவம், அவரும் அப்படித்தான் எழுதியிருப்பாரு. சார்தான் நல்லபடியா வீட்டுக்கு வந்துட்டாரே."

"வேற என்ன எழுதியிருக்கு?"

"வண்டி அச்சு வரைக்கும் மண்ணுல இருந்துச்சாம். தோண்டிப் பாக்கல, போலீஸ்ல சொல்லிட்டோம்னு போட்டிருக்காங்க. அப்புறம் பதில்ல ஒருத்தர் எழுதியிருக்காரு, அந்தப் பக்கம் ரொம்ப நாளா வண்டி ஓட்டினவராம். அங்க உள்ளூர் டிரைவருங்க மணல்ல மாட்டினா ஒருத்தரோட ஒருத்தர் பேசவே மாட்டாங்களாம். வாயைக் கட்டிட்டு உட்கார்ந்திருப்பாங்களாம். ஏன்னு கேட்டா, எச்சில் வத்திடும்னு சொல்லுவாங்களாம்." அவள் மவுஸை உருட்டி அடுத்த வரியைக் காட்டினாள். "அதுக்காகத்தானான்னு தனக்குச் சந்தேகம்னு எழுதியிருக்காரு."

இரண்டு பிரிண்ட் எடுத்துக் கொடுத்தாள். சாஹிரா அவற்றை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள்.

வழியெல்லாம் அவள் கணக்குப் போட்டது ஒன்றைத்தான். இந்த மனிதருக்கு என்னவெல்லாம் தெரிகிறது? கல்யாணத்தில் பிரியாணி பற்றாமல் போனது தெரிகிறது. அவள் உம்மாவின் கோபம் தெரிகிறது. வாய்விட்டு இன்னொருவரிடம் சொல்லக்கூடிய எல்லாம் தெரிகிறது.

சொல்ல முடியாத ஒன்று அவர்களுக்குள் இருந்தது.

கல்யாணமான இரண்டாம் வருடம், எட்டாம் மாதத்திலேயே பிறந்து, அழாமலே போய்விட்ட பையன். அக்தர்தான் துணியில் சுற்றி நெஞ்சோடு அணைத்து கப்ருஸ்தானுக்கு எடுத்துப் போனார். திரும்பி வந்தவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவளும் பேசவில்லை. ஒருவருக்கொருவர்கூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. ஆனால் வெளியூர் போகும்போதும் வரும்போதும் அவர் முதலில் போய் நிற்கும் இடம் அந்தக் கப்ருதான்.

இந்தத் தடவை வந்து ஐந்து மாதமாகிறது. ஒரு நாள்கூட அந்தப் பக்கம் போகவில்லை.

வீட்டில் அக்தர் அடுப்படி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவள் இல்லாதபோதும் அங்கேதான் உட்கார்ந்திருந்திருக்கிறார்.

சாஹிரா குரல் மாறாமல் கேட்டாள். "என்னங்க, இன்னும் அவன்கிட்ட போகலையே நீங்க. நாளைக்குப் போவோமா?"

"யார்கிட்ட?"

அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் ஸ்டூலோடு முன்னால் நகர்ந்தார். கண் விரிந்தது. பசித்தவன் முன்னால் தட்டு வைத்தால் வருமே, அந்த மாதிரி ஒரு களை முகத்தில் வந்தது.

"யாரு அவன்? சொல்லு சாஹிரா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"சொல்லு," என்றார் மறுபடியும், மிக மென்மையாக. "எனக்கு அது தெரியாதே."

தலைக்கு மேலே விமானம் ஒன்று இறங்கியது. ஜன்னல் அதிர்ந்தது. அந்தச் சத்தம் முழுக்க அவர் அசையாமல், அவள் வாயையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அன்றிலிருந்து அவள் பேசுவதை நிறுத்தினாள்.

எங்கே போய் யாரிடம் சொல்வது? புருஷன் புருஷனில்லை என்று எந்த ஸ்டேஷனில் எழுதிக் கொடுப்பது? அந்தப் பாலைவனத்து டிரைவர்கள் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சோறு வைத்தாள், துணி துவைத்தாள், ஒரு சொல் பேசவில்லை. கீழ் வீட்டு டிவிச் சத்தம்கூட வரக் கூடாது என்று ஜன்னலைச் சாத்தினாள். தொழுகையில்கூட உதடு அசையாமல் மனதுக்குள் ஓதினாள். அருள்மேரிக்குப் போன் செய்து, இந்த வாரம் வர வேண்டாம், அவருக்கு உடம்பு சரியில்லை என்று மட்டும் மொட்டை மாடியில் நின்று சொன்னாள்.

மூன்றாம் நாள் அவர் உதடு வெடித்தது.

ஐந்தாம் நாள் புறங்கையில் தோல் உரிந்தது. அவர் எழுந்த இடத்தைப் பெருக்கினால் முறத்தில் மெல்லிய மஞ்சள் பொடி சேர்ந்தது.

"ஏதாவது பேசு," என்றார். "திட்டு. எதுவானாலும் சரி."

ஏழாம் நாள் அவர் குரல் போய்விட்டது. வெறும் காற்றாக வந்தது. கண் மட்டும் அவள் வாயை விட்டு நகரவில்லை. ஒரு நொடி சாஹிராவுக்கு மனம் இளகியது. தவறு தன்மேல்தானோ? பாலைவனத்தில் செத்துப் பிழைத்து வந்த மனிதரைப் பேச்சுக்கு ஏங்கவிட்டுக் கொல்கிறோமோ? வாயைத் திறந்துகூட விட்டாள்.

அவர் சிரித்தார்.

அக்தர் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை.

வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பதாம் நாள் காலை, சாஹிரா பால் வாங்கக் கீழே போய்விட்டு வந்தபோது வீட்டில் யாரும் இல்லை. வந்த அன்று கொண்டுவந்த பை அங்கேயே இருந்தது. செருப்பும் இருந்தது. "நான் கூப்பிடக் கூப்பிட பாய் திரும்பாம போறாரே," என்றார் கீழ் வீட்டு அமீருதீன்.

பிரிண்டில் ஒன்றைத் தபாலில் அருள்மேரிக்கு அனுப்பினாள். பென்னி கடைசியாக எழுதியது அவளிடம்தான் போய்ச் சேர வேண்டும். கூடவே ஒரு சீட்டில் எழுதினாள்: 'அவர் இங்கே இல்லை. உன் வீட்டுக்கு வந்தால் பேச்சுக் கொடுக்காதே.'

பதில் வரவில்லை.

மார்ச் மாதம் கம்பெனியிலிருந்து ஒரு தமிழ் அதிகாரி போன் செய்தார். வார்த்தையைத் தேடித் தேடிப் பேசினார். வெப்சைட்காரர்கள் சொன்ன இடத்தில் போலீஸ் தோண்டியதாம். வண்டிக்கு அடியில் ஓர் உடல் கிடைத்ததாம். பேன்ட் பையில் இருந்த கம்பெனி அட்டை அக்தருடையது.

"எங்களுக்கே ஒண்ணும் புரியலம்மா. அவர்தான் ஊருக்கு வந்துட்டாரே. அட்டை மாறியிருக்கலாம்னு சொல்றாங்க. உடம்புல சட்டை வேற இல்ல."

"பென்னி?"

"அவர் கிடைக்கல. கதவுக்குப் பக்கத்துல ஸ்க்ரூடிரைவர் மட்டும் இருந்துச்சாம்."

போனை வைத்துவிட்டு சாஹிரா அழுதாள். ஜூலையிலேயே அழுதிருக்க வேண்டிய அழுகை. எட்டு மாதம் கழித்துத்தான் அவளுக்கு அழக் கிடைத்தது. பிறகு முகம் கழுவி, அருள்மேரியிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று கிளம்பினாள்.

பெருங்களத்தூரில் இறங்கும்போது மணி பதினொன்று. வெயில் ஜி.எஸ்.டி. ரோட்டைக் காய்ச்சிக்கொண்டிருந்தது. கேட்டைத் தாண்டி, புது அபார்ட்மென்ட்களுக்குப் பின்னால் இருந்த ஒண்டுக்குடித்தன மாடியில் அருள்மேரியின் வீடு. தட்டியதும் கதவைப் பாதி திறந்து, வெளியே வந்து, பின்னால் சாத்திக்கொண்டாள்.

தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாள். முகம் தெளிந்திருந்தது.

"அக்கா," என்றாள், குரலைத் தணித்து. "அவரு வந்துட்டாரு."

சாஹிரா அவளுக்குப் பின்னால் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். "யாரு?"

"பென்னி. போன மாசம். ஒரு நாள் காத்தால கதவைத் தட்டினாரு."

"மேரி, நான் அனுப்பினதைப் படிச்சியா?"

"படிச்சேன்." அருள்மேரி தன் புடவை முந்தானையைத் திருகினாள். "அவரு கையெழுத்தைக் கண்டுபிடிக்க எனக்குத் தெரியாதாக்கா? அதைப் படிச்சிட்டு மூணு நாள் எழுந்துக்கவே இல்ல. வந்தது அவரு இல்லன்னு எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"இத்தனை மாசமா இந்த வூட்டுல எங்கிட்டப் பேச ஒரு ஆள் இல்லக்கா. இப்போ நான் சொல்றதெல்லாம் உக்காந்து கேக்கறாரு. ஒரு நாள்கூட சலிச்சிக்கல." அவள் கண் நிரம்பியது. ஆனால் குரல் உறுதியாக இருந்தது. "நீ போய்டுக்கா. இனிமே வராதே."

உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழுந்தது.

சாஹிரா அங்கேயே நின்றாள். உள்ளே அடுப்படிப் பக்கம் போகும் கொலுசுச் சத்தம் கேட்டது. பாத்திரம் உருளும் சத்தம். அருள்மேரி எதையோ சொல்லத் தொடங்கினாள். ஓர் ஆண் குரல், மெலிந்து, சொல்லின் கடைசியை இழுத்து, "உம், அப்புறம்?" என்றது. அவள் சிரித்தாள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்தான். இரண்டு சிரிப்பும் வீட்டின் கோடியிலிருந்து, அடுப்படியிலிருந்து வந்தன.

அப்போதுதான் சாஹிரா கவனித்தாள்.

கதவுக்கு இந்தப் பக்கம் அவள் நிற்பதுபோல, அந்தப் பக்கமும் ஒருவர் நின்றுகொண்டிருந்தார்.

கதவின் அடி இடுக்கில் இரண்டு பாதங்களின் நிழல். பலகையில் காது பதியும் மெல்லிய உரசல். பிறகு ஒரு மூச்சு, வறண்டு, ஏழாம் நாள் தன் வீட்டில் அவள் கேட்ட அதே வெறும் காற்று, அவள் ஏதாவது சொல்வாள் என்று காத்திருக்கும் மூச்சு.

அடுப்படியில் அருள்மேரி இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள்.

சாஹிரா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஒவ்வொரு படியாக, செருப்புச் சத்தம்கூட வராமல், கீழே இறங்கினாள்.